ஜெயக்கொடி குந்துன கோணி

பொழிச்சலூர் மீன் மார்க்கெட்டுல கேட்டுக்குள்ள பூந்ததும் வலதுகைப் பக்கம் மொதப் பலகை ஜெயக்கொடியுது. பதினெட்டு வருசம் அதுல குந்தி மீனு வித்தா. அதுக்கு முன்னாடி பதிமூணு வருசம் பின்வரிசைல, கய்வு தண்ணி ஓடற எடத்துல குந்தியிருந்தா. அவ வாய்க்கு பயந்துகினு பேரம் பேசாம வாங்கிகினு போனவங்க எத்தினியோ பேரு. டீச்சருங்க, பேங்குல வேல பாக்கறவங்க, ஏர்ப்போர்ட்டு ஆபீசருங்க, எல்லாரும் வாங்கிக் கட்டிகினவங்கதான். "செவுளத் தூக்கித் தூக்கிப் பாக்கறியே சாரு, பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் இப்டித்தான் பாத்தியா?"ன்னு கேட்டுடுவா. அந்தாளு மூஞ்சி செத்துப்போயி ஒரு கிலோ கேட்டவன் ரெண்டு கிலோ வாங்கிகினு போவான்.

வாயவிட பெரிய பெருமை ஒண்ணு இருந்துச்சு அவளுக்கு. அடக்கறது.

மார்க்கெட்டுல பொம்பளைக்கு கக்கூசு கெடியாது. ஆம்பளைங்க செவுத்தாண்ட திரும்பி நின்னுகினு போய்ட்டு வந்துருவானுங்க. பொம்பளைங்க இன்னா பண்ணுவாங்க? காத்தால அஞ்சு மணிக்கு வூட்ல போனா, அப்பால சாய்ங்காலம் அஞ்சு மணிக்குத்தான். நடுவால தண்ணி கெடியாது, டீ கெடியாது. அக்கினி வெயில்ல நாக்கு மேல்வாயில ஒட்டிக்கும். சொம்புல தண்ணி மொண்டு மீனு மேல தெளிப்பாளுங்களே தவிர, ஒரு மொடக்கு வாயில ஊத்திக்க மாட்டாளுங்க. அதுல ஜெயக்கொடிதான் ராணி. புள்ள பொறக்கறதுக்கு மொத நாளு வரிக்கும் பன்னண்டு மணி நேரம் அசையாம குந்தி வித்தவ. "அடக்கத் தெரியாதவளுக்கு மார்க்கெட்டு எதுக்கு, வூட்ல குந்தி பூ கட்டச் சொல்லு"ம்பா.

அந்த மொதப் பலகை அவளுக்கு சொம்மா வரல. அங்க ஞானசௌந்தரின்னு ஒரு கெயவி குந்தியிருந்தா. கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரி, சாது. அறுவது தாண்டனதும் அவளால அடக்க முடியல. தும்முனா போவும், கூடையத் தூக்குனா போவும். பாவாடைக்குள்ள பழந்துணிய மடிச்சு மடிச்சு வச்சுகினு குந்தியிருப்பா. ஒரு ஞாயித்துக்கெயம, கூட்டம் நெரியறப்ப, ஜெயக்கொடி நடுவால வந்து நின்னு கத்துனா.

"ஏ கெயவி, எய்ந்திரு. மீனு மேல தெளிக்கறது கொயாத் தண்ணியா ஒன் தண்ணியா? வாங்க வந்தவங்க தெரிஞ்சுக்கட்டும்!"

கெயவி எய்ந்திருக்கல. ஜெயக்கொடியே அவ கக்கத்துல கைய வுட்டு எய்ப்பி, அடியில கெடந்த கோணிய ரெண்டு வெரல்ல தூக்கி எல்லாரு மூஞ்சிக்கும் நேரா புடிச்சா. சொட்டு சொட்டா வடிஞ்சுது. பொம்பளைங்க முந்தானைய வாயில வச்சுகினு சிரிச்சாளுங்க. ஒரு அம்மா பையில போட்ட சங்கரா மீனத் திருப்பிக் கொட்டிட்டுப் போச்சு. ஞானசௌந்தரி அன்னிக்குப் போனவதான். மறுநாளு அந்தப் பலகைல ஜெயக்கொடி குந்திகினா.

அப்பாலேர்ந்து அது சட்டமாப் போச்சு. யாரு மேலயாச்சும் சந்தேகம்னா சாய்ங்காலம் கோணியத் தூக்கிப் பாக்கறது. பலகை, அதும் மேல பிளாஸ்டிக்கு தாளு, அதும் மேல கோணி. கீயேர்ந்து ஈரம் ஏற வழியில்ல. நனைஞ்சுதுன்னா மேலேர்ந்துதான். நனைஞ்சா எடம் போச்சு. மார்க்கெட்டு குத்தகைக்காரரு சாம்பசிவன் மொதல்ல "இதெல்லாம் அசிங்கம்க்கா"ன்னாரு. "மீனுக்கு பேரு கெட்டா அசிங்கம் ஒனுக்கில்லியா?"ன்னா. அப்பால அவரே நின்னு தூக்கிப் பாக்க ஆரம்பிச்சாரு. அந்த மாதிரி நாலு பேரு போயிருக்காளுங்க. நாலு பேரையும் ஜெயக்கொடிதான் காட்டிக் குடுத்தா.

மருமவளுக்கும் அதே கதிதான். மதியழகன்னு ஒரே புள்ள, ஆட்டோ ஓட்டறான். அவன் கட்டிகினு வந்தவ துர்கா. ஏயு மாசத்து வயித்தத் தள்ளிகினு மாமியாரு பக்கத்துல குந்தி மீனு சுத்தம் பண்ணுவா.

"அத்தே, ஒரு நிமிசம் வூட்டாண்ட போய்ட்டு ஓடியாந்துர்றேன்."

"அடக்கு."

"முடியல அத்தே."

"நானு ஒம் புருசன வயித்துல வச்சுகினு குந்தல? அடக்குடி."

அடக்குனா. ஒண்ணுக்குல சீயி வச்சு, குளுரு ஜொரம் வந்து, பதினோரு நாளு ஆஸ்பத்திரில கெடந்தா. வயித்துப் புள்ள தப்பிச்சதே பெரிய பாடு. "சீக்காளியப் புடிச்சு என் தலைல கட்டிட்டானுங்க"ன்னு ஜெயக்கொடி ஊரு பூரா சொல்லிகினு திரிஞ்சா. துர்கா ஒரு வார்த்த திருப்பிப் பேசல. மறக்கவும் இல்ல.

ரெண்டாயிரத்தி எட்டு, பங்குனி மாசம். அருவாமணைல ஒரு பெரிய வஞ்சிரத்த வச்சு அறுத்துகினு கீறா, எடது கையிலேர்ந்து மீனு நழுவிப் பூட்ச்சு. புடிக்கலாம்னா கையி வரல. "இன்னாடி இந்தக் கையி..."ன்னு ஆரம்பிச்சா, வாயி ஒரு பக்கமா இஸ்துகிச்சு. அப்டியே மீனு மேலயே சாஞ்சா. பக்கவாதம்.

இருவது நாளு கயிச்சு வூட்டுக்கு வந்தப்ப, கால இஸ்து இஸ்து நடந்தா. வாயி கொஞ்சம் கோணலு. ஆனா பேச்சு முய்சா திரும்பிச்சு. அது திரும்பாம இருந்திருந்தா நல்லாருந்துருக்கும்னு வூட்ல யாரும் நெனைக்காம இல்ல. திரும்பாதது ஒண்ணே ஒண்ணு. ஒண்ணுக்கு. வருதுன்னு தெரியறதுக்குள்ள வந்து முடிஞ்சிரும். ஒரு நாளைக்கு எட்டு தபா, ஒம்போது தபா.

துர்கா ஒரு மாசம் துணி தொவைச்சுப் பாத்தா. அப்பால பின்பக்கம் தொவைக்கற கல்லாண்ட ஒரு பிளாஸ்டிக்கு சேரு கொண்ணாந்து போட்டா. நடுவால சூட்டுக்கோலு வச்சு பெருசா ஒரு ஓட்டை. ஓட்டைக்குக் கீய பக்கெட்டு.

"கட்டிலு வாணாம் அத்தே, மெத்த காய மூணு நாளாவுது. இங்கயே குந்து. எப்ப வந்தாலும் வரட்டும்." ஒரு நிமிசம் நின்னுட்டு, நல்லா கேக்கறாப்புல சொன்னா: "நீ அடக்கவே வாணாம்."

பெத்த புள்ளையும் லேசுப்பட்டவன் இல்ல. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறப்ப ஆட்டோ சீட்டுல யூரியா கோணிய விரிச்சுதான் அவளக் குந்த வைப்பான். "சவாரி ஏற மாட்டேங்கறாங்கம்மா, நாத்தம்"பான், மூஞ்சியப் பாக்காம.

அதெல்லாம்கூட அவளுக்குப் பரவால்ல. மொதப் பலகைல துர்கா குந்திகினா பாரு, அதான் உள்ளுக்குள்ள அறுத்துச்சு. குச்சிய ஊனிகினு சாம்பசிவன் வூட்டு வாசல்ல போயி நின்னா.

"என் எடத்தக் குடு சாம்பசிவா."

அவரு மூக்கச் சுளிச்சுகினு ரெண்டு அடி பின்னால போனாரு. "ஒன் மருமவதானேக்கா குந்தியிருக்கா? எங்க போய்டுச்சு எடம்?"

"அது என் எடம். என் சூத்து குந்துன எடம். அவளுக்கு இன்னா பேச்சு?"

"சரிக்கா. புரட்டாசி முடிஞ்ச மொத ஞாயித்துக்கெயம வந்து குந்து. காத்தாலேர்ந்து சாய்ங்காலம் அஞ்சு மணி வரிக்கும். கோணி காஞ்சிருந்தா எடம் ஒனுது. நனைஞ்சிருந்தா துர்காவுது. அதோட பேச்சு முடிஞ்சுது. நீ வச்ச சட்டம்தான்க்கா."

புரட்டாசில பாதி ஊரு கவுச்சி தின்னாது. அது முடிஞ்ச மொத ஞாயித்துக்கெயம சனம் பட்டினி கெடந்த பூனை மாதிரி வந்து வியும். அன்னிக்கு குந்தறவதான் மார்க்கெட்டுக்காரி.

ஊரப்பாக்கத்தாண்ட ஒரு பெரிய ஆஸ்பத்திரில காந்தம் வச்சு வைத்தியம் பண்றாங்கன்னு மதியழகன் ஆட்டோல ஏறுன ஒரு நர்சம்மா சொல்லிச்சு. ஆடி மாசம் அங்க இட்டுகினு போனான். டாக்டரு பேரு பத்ரி. சின்ன வயசு, நல்ல மாதிரி. மூக்கப் பொத்தாம கிட்ட வந்து குந்திப் பேசுன மொத ஆளு அவருதான்.

"மூளைல அடைப்பு வந்த எடத்துக்குப் பக்கத்துலதாம்மா ஒண்ணுக்கைக் கன்ட்ரோல் பண்ற எடமும் இருக்கு. அது தூங்கிப் போச்சு. வெளியிலேர்ந்து காந்தத்தால தட்டி எழுப்பப் பாக்கறோம். அறுக்க மாட்டோம், ஊசி கிடையாது, ஷாக்கும் கிடையாது."

"நிக்குமா டாக்டரே?"

"நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இது ஆராய்ச்சி. இருபது பேருக்குப் பண்றோம். பத்து பேருக்கு நிஜமான காந்தம், பத்து பேருக்கு சும்மா சத்தம் மட்டும் போடற டம்மி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது, முடிஞ்சப்புறம்தான் லிஸ்ட்டைப் பிரிப்போம். டம்மி வந்தவங்களுக்குத் தேவைப்பட்டா நிஜமானதை அப்புறம் குடுத்துடுவோம். புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது. கைநாட்டு எங்க வைக்கணும்?"

அவளுக்குப் புரிஞ்சது காந்தம், தலை, ஒண்ணுக்கு நிக்கும். மீதியெல்லாம் பேரம் பேசறவன் பேச்சு மாதிரி காதுல போட்டுக்கவேயில்ல.

அப்பால ஒரு அட்டையக் குடுத்தாரு. துணி நனையற ஒவ்வொரு தபாவும் குறுக்கால ஒரு கோடு போடணும். ஒரு டம்ளரு தண்ணி குடிச்சா ஒரு வட்டம் போடணும். ஒரு நாளைக்கு எட்டு டம்ளரு கட்டாயம்.

"தண்ணி குடிச்சாத்தானே டாக்டரே வரும்? வராம இருக்கத்தானே நானு வந்தேன்?"

"குடிக்காம இருந்தா பை சுருங்கிடும்மா. ஒண்ணுக்கு கெட்டியாகி இன்ஃபெக்‌ஷன் வரும். எட்டு வட்டம். மறக்கக் கூடாது."

பாவம், படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியலன்னு நெனச்சுகினா. முப்பத்தோரு வருசம் தண்ணி குடிக்காம அடக்குனவளுக்கு இவரு பாடம் நடத்தறாரு.

காந்தம்னா ரெண்டு பெரிய வளையல ஒட்ட வச்ச மாதிரி ஒரு சாமானு. மூக்குத்தி, கம்மலு எல்லாம் கயட்டி வச்சுட்டு நாக்காலில சாய வப்பாங்க. அந்த சாமானத் தலையாண்ட புடிச்சா டக் டக் டக்குன்னு கொட்டும். வாரத்துக்கு அஞ்சு நாளு, மூணு வாரம். வெளிய பெஞ்சுல கூடவே குந்தறவரு மாடம்பாக்கத்து சுப்ரமணியன், ரிட்டயர்டு வாத்தியாரு. அவருக்கும் பக்கவாதம், அவருக்கும் அதே கேடு.

"மரங்கொத்தி தலைல உக்காந்து கொத்தற மாதிரி இருக்கும்மா. உங்களுக்கு எப்படி?"

"எனுக்கு சத்தம்தான் வாத்தியாரே. ஒண்ணும் கொத்தல."

"அப்படியா?"

"என் மண்டை மீனு வெட்டற கட்டை. உங்களுது இட்லி."

மனுசன் குலுங்கிச் சிரிச்சாரு. சிரிச்சதுல போய்டுச்சு. அவசரமா அட்டைய எடுத்து ஒரு குறுக்குக் கோடு போட்டாரு. நெசமான ஆளு. போனா போச்சுன்னு போடுவாரு. ஜெயக்கொடிக்கு அது கேலியாப் போச்சு. தெனமும் அவரு அட்டைய எட்டிப் பாப்பா. "இன்னா வாத்தியாரே, இன்னிக்கும் பெயிலா?"ம்பா.

அவ அட்டைல மொத ரெண்டு நாளுதான் குறுக்குக் கோடு. மூணாம் நாளுலேர்ந்து தண்ணிய நிறுத்திட்டா. காத்தால ரெண்டு மொடக்கு, ராத்திரி சோத்துல கொஞ்சம் ரசம். அவ்ளோதான். துர்கா வச்சுட்டுப் போற டம்ளருத் தண்ணிய தொவைக்கற கல்லு மேல ஊத்திட்டு, அட்டைல எட்டு வட்டம் போட்டுக்குவா. கோடு போட வாணாம், வர்றதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. அப்பப்ப ரெண்டு சொட்டு கசிஞ்சா அதக் கணக்குல சேக்கல. காந்தமும் வேல செய்யுது, நானும் வேல செய்யறேன்னு உள்ளுக்குள்ள ஒரே குஷி. ஒண்ணுக்கு டீத்தண்ணி கலர்ல வந்துச்சு, போறப்ப மொளகாப்பொடி தூவுன மாதிரி எரிஞ்சுது. எரியட்டும்னு வுட்டுட்டா.

ஆவணி கடைசில லிஸ்ட்டப் பிரிச்சாங்க. பத்ரி அட்டையையும் லிஸ்ட்டையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. துர்கா கதவாண்ட பையப் புடிச்சுகினு நின்னா.

"ஆச்சரியமா இருக்கும்மா. உங்களுக்கு வந்தது டம்மி."

"அப்டின்னா இன்னா டாக்டரே?"

"சத்தம் மட்டும்தான். காந்தம் உங்க தலைக்குள்ள போகவேயில்ல. ஆனா இருபது பேர்ல உங்க ரிசல்ட்தான் முதல்ல நிக்குது. எட்டு டம்ளர் தண்ணி குடிச்சும் மூணாம் நாள்லேர்ந்து ஒரு லீக் இல்ல! சுப்ரமணியன் சாருக்கு வந்தது நிஜம். அவரே எட்டுலேர்ந்து ரெண்டுக்குத்தான் வந்திருக்கார்."

ஜெயக்கொடிக்கு பெஞ்சுல வாத்தியாரு சொன்னது ஞாபகம் வந்துச்சு. மரங்கொத்தி. வாத்தியாரு மண்டைய மரங்கொத்தி கொத்துச்சு. என் மண்டைல ஒரு மண்ணும் கொத்தல.

"அப்ப எனுக்கும் நெசமானத வையி டாக்டரே."

"உங்களுக்கு எதுக்கும்மா? தேவைப்படறவங்களுக்குத்தான் அது." சிரிச்சாரு. "இன்னும் ஏதாவது கஷ்டம் இருந்தா சொல்லுங்க. நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்."

ஒரு வார்த்த போதும். நானு தண்ணியே குடிக்கல தம்பி, வட்டமெல்லாம் பொய்யின்னா முடிஞ்சுது. வாயத் தொறந்தா. தொறந்தவ கண்ணுல கதவாண்ட நிக்கற துர்கா பட்டா. இங்க சொன்னது சாய்ங்காலத்துக்குள்ள மார்க்கெட்டுக்குப் போய்டும். இன்னும் நனையறவதான்னு தெரிஞ்சா, சாம்பசிவன் அந்த ஒருநாளுகூட குந்த வுட மாட்டாரு.

"சொல்லு அத்தே"ன்னா துர்கா, தேனு மாதிரி. "டாக்டரு கேக்கறாரில்ல? எதாச்சும் கீதா?"

"எனுக்கு இன்னாடி கேடு? கருவாடு மாதிரி காஞ்சி கீறேன்."

பத்ரி சிரிச்சுகினே அட்டைய மூடி பைலுக்குள்ள வச்சுட்டாரு. தை மாசம் கிட்னி ரெண்டும் ஓஞ்சி அவ செத்தப்பக்கூட, அந்த அட்டைல ரெண்டாம் நாளுக்கு அப்பால ஒரு குறுக்குக் கோடு கெடியாது.

ஆட்டோல திரும்பறப்ப துர்கா ரோட்டப் பாத்துகினே சொன்னா. "தொவைக்கற கல்லு தெனம் எட்டு தபா நனையறத நானு பாக்கலன்னு நெனச்சியா?"

ஜெயக்கொடி வெடுக்குன்னு திரும்புனா. "பாத்தவ ஏன்டி டாக்டராண்ட சொல்லல?"

"நானு எதுக்கு சொல்லணும்? நீதான் ராணியாச்சே. அடக்கு."

முன்னால மதியழகன் ஆரனு அடிச்சான், ரோட்டுல ஒரு வண்டியும் இல்ல.

புரட்டாசி முடிஞ்ச ஞாயித்துக்கெயம ஆறு மணிக்கே ஜெயக்கொடி பலகைல ஏறி குந்திட்டா. சனிக்கெயம மத்தியானம் கஞ்சி குடிச்சதோட சரி, அப்பால பச்சத்தண்ணி பல்லுல படல. புதுக் கோணி. சாம்பசிவனே உதறிக் காட்டிட்டுப் போட்டாரு. துர்கா பக்கத்துல அருவாமணையப் போட்டுகினு மீனு அறுக்கக் குந்துனா.

எட்டு மணிக்குக் கூட்டம் கேட்டத் தாண்டி ரோட்டுல நின்னுச்சு. "வஞ்சிரம் வா, வவ்வாலு வா, ஒரு மாசமா நாக்கு செத்துக் கெடக்கறவங்கல்லாம் இங்க வா!"ன்னு ஜெயக்கொடி கத்துனா. பழைய வாயி. பழைய ஆளுங்க சிரிச்சுகினே வந்தாங்க. பேங்குக்காரரு ஒருத்தரு "எங்கம்மா இத்தினி நாளா?"ன்னாரு. "மாமியாரு வூட்டுக்குப் போயிருந்தேன் சாரு, செவுளப் பாக்காம எடு"ன்னா. சுத்தி குந்தியிருந்தவளுங்க மட்டும் மீனப் பாக்கல. அவ இடுப்புக்குக் கீயவே பாத்துகினு இருந்தாளுங்க.

பதினோரு மணிக்கு ஒதடு வெடிச்சு ரத்தம் கசிஞ்சுது. பன்னண்டு மணிக்கு எச்சி நின்னு போச்சு. ஒரு மணிக்கு ஒரு வஞ்சிரம் ரெண்டாத் தெரிஞ்சுது. அடிவயித்துல ஊசியால தையலு போடற மாதிரி வலி. ஒரு தபா சுள்ளுன்னு முட்டிகினு வந்துச்சு. தொடைய இறுக்கிகினு, நல்லாருக்கற கையால பலகை ஓரத்தப் புடிச்சுகினு, கண்ண மூடினா. போச்சா இல்லியான்னு அவளுக்கே தெரியல. குனிஞ்சு பாக்க முடியாது, பாத்தா அவளுங்க பாப்பாளுங்க.

"வெல இன்னாம்மா?"ன்னு ஒரு பொம்பள கேட்டுச்சு. ஜெயக்கொடி வாயத் தொறந்தா. நாக்கு எய்ந்திருக்கல. காத்துதான் வந்துச்சு. துர்கா தலையத் தூக்காம அவளுக்குப் பதிலா வெலயச் சொன்னா. அதுலேர்ந்து சாய்ங்காலம் வரிக்கும் எல்லாத்துக்கும் துர்காதான் வெல சொன்னா.

நடுவுல ரெண்டு தபா துர்கா சொம்ப நீட்டுனா. "ஒரு மொடக்கு குடி அத்தே, மூஞ்சி சாம்பலா கீது." ஜெயக்கொடி பல்லக் கடிச்சுகினா.

அஞ்சு மணிக்கு சாம்பசிவன் வந்தாரு. எல்லாரும் அருவாமணைய வுட்டுட்டு எய்ந்து வந்து சுத்தி நின்னாளுங்க.

"எய்ந்திருக்கா."

காலு வரல. துர்கா அவ கக்கத்துல கைய வுட்டுத் தூக்குனா. பதினெட்டு வருசத்துக்கு முன்னாடி ஞானசௌந்தரியத் தூக்குன மாதிரியேதான். அன்னிக்கு சிரிச்சவளுங்கள்ல ரெண்டு பேரு இன்னிக்கும் நின்னுகினு இருந்தாளுங்க, முந்தானைய ரெடியாப் புடிச்சுகினு.

சாம்பசிவன் கோணியத் தூக்குனாரு. தடவிப் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. மோந்தும் பாத்தாரு. ஒரு உதறு உதறுனாரு. காஞ்ச செதிலு நாலு பறந்துச்சு. அவ்ளோதான்.

"காஞ்சி கீது. எடம் ஒனுதுதான்க்கா."

முந்தானையெல்லாம் கீய எறங்கிச்சு. அவளவ அவளவ பலகைக்குப் போய்ட்டா, சினிமா பாதில நின்ன மாதிரி.

ஜெயக்கொடி திரும்ப பலகைல சரிஞ்சு குந்துனா. சாம்பசிவன் கைலியப் புடிச்சு இஸ்தா. ரெண்டு தபா முயற்சி பண்ணப்பறம்தான் பேச்சு வந்துச்சு.

"நாளைக்கும்... பாப்பியா?"

"சந்தேகம்னா எந்நாளும் பாக்கலாம்க்கா. நீ சொன்னதுதானே?" கோணிய அவ மடில போட்டுட்டுப் போய்ட்டாரு.

துர்கா சொம்பு நெறைய தண்ணி கொண்ணாந்து அவ வலது கையில வச்சு அழுத்துனா. இந்தத் தபா தேனும் இல்ல, குத்தலும் இல்ல.

"குடி அத்தே. செத்துருவ. ஜெயிச்சுட்டதானே, குடி."

ஜெயக்கொடி சொம்ப ஒதட்டாண்ட கொண்டு போனா. வெடிச்ச ஒதட்டுல குளுந்த சொம்பு பட்டுச்சு. அப்டியே வச்சுகினு கொஞ்ச நேரம் இருந்தா.

அப்பால சொம்பக் கீய எறக்கி, பலகைல மிச்சம் கெடந்த சங்கரா மேல மொத்தத்தையும் ஊத்துனா.

"மீனு காயுது, பாத்துகினு நிக்கற. காஞ்ச மீன எவன்டி வாங்குவான்?"